சுவர் சூடேறிய பிறகு

வயரின் தோலைப் பிளேடால் சீவி, செம்புக் கம்பியை அடுப்பின் சூடு அளக்கும் சென்சாரின் முனையோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள் அன்புச்செல்வி. சுற்றும்போதே அது தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

சென்சாருக்கென்று தனி வயர் உண்டு. அதில் சாதாரண வயரை ஒட்டுப்போடக் கூடாது. ஒட்டுப்போட்ட இடம் சூடானால், நம்பர் காட்டும் பெட்டி உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். ஐ.டி.ஐ.யில் முதல் வருஷப் பாடம் இது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் அவள். ஆனால் அந்த வயர் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். பௌர்ணமிக்கு மூன்று நாள்தான் இருந்தது. கிரிவலக் கூட்டத்துக்கு ரஸ்க் போட்டாக வேண்டும் என்று பேக்கரி முதலாளி அருணகிரி தலைமேல் நின்றார்.

அருணகிரியின் பேக்கரி திருவண்ணாமலையில் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்தது. 2003இல் விறகு கட்டுப்படியாகவில்லை என்று புது அடுப்பு வாங்கினார். இரும்புத் தகட்டு அடுப்பு. மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் தோலை அழுத்திச் செய்த கட்டைகளைப் போட்டு எரிப்பது. வேண்டிய சூட்டைப் பெட்டியில் வைத்துவிட்டால், சூடு குறையும்போது ஊதும் விசிறி தானே ஓடும், ஏறினால் தானே நிற்கும். பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் சென்சாரின் சொந்த வயரே போதும். அருணகிரிக்கோ கல்லாவில் உட்கார்ந்தபடியே நம்பர் தெரிய வேண்டும்.

"அடுப்புகிட்ட இருக்கறவங்களுக்கு எதுக்குமா நம்பரு? பாக்க வேண்டியவன் நானு," என்றார்.

அதனால்தான் பன்னிரண்டு அடிக்குக் காலிங் பெல் வயர்.

ஒட்டு முடிந்ததும் அளவு சரிபார்த்தாள். சென்சாரை ஐஸ் தண்ணீரில் விட்டாள், பூஜ்யம். கொதிக்கிற தண்ணீரில் விட்டாள், தொண்ணூற்றேழு காட்டியது. பெட்டியின் பின்னால் இருந்த திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி நூறுக்குக் கொண்டுவந்தாள். அப்போது அடுப்பு பற்றவைக்காமல் சில்லென்று கிடந்தது. ஒட்டும் சில்லென்றுதான் இருந்தது.

அன்புச்செல்விக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போடுகிற வீட்டின் மூன்றாவது பெண். அவள் படித்த பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். ரிப்பேர் கடையில் சேர்ந்த புதிதில், ஸ்பேனரோடு போய் நின்றால் "ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. 'நான் பார்த்த வேலை திரும்பி வந்ததில்லை' என்று அவள் சொல்லிக்கொள்வது உண்டு. கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொல்லிக்கொள்வாள்.

புதன்கிழமை காலை பேக்கரியிலிருந்து கடைக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால், மேஜைமேல் எட்டுத் தட்டு ரஸ்க், கறுகறுவென்று.

"பாரும்மா, ரஸ்க்கு போடச் சொன்னா வெள்ளையம்மா கரி போட்டிருக்குது. இஸ்திரிக்காரனுக்குத்தான் விக்கணும்," என்றார் அருணகிரி.

வெள்ளையம்மாள் அடுப்போரம் நின்றிருந்தாள். ஐம்பது வயது. பதினோரு வருஷமாக அங்கே அடுப்பு பார்ப்பவள். வலது முன்கையில் பழைய தீத்தழும்புகள் வளையல் மாதிரி வரிசையாக இருந்தன. சூடு பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது: அடுப்பு வாயில் கையை நீட்டி எண்ணுவாள். பன்னுக்கு எட்டு எண்ணுகிறவரை கை தாங்க வேண்டும், ரஸ்க்குக்குப் பதினைந்து.

"நான் சொன்னேன் முதலாளி. ஒம்போது எண்றதுக்குள்ள கை சுடுது, இது ரஸ்க்கு சூடு இல்லனு. நீங்கதான் நம்பரு நூத்தம்பதுதான் காட்டுது, கைய மடக்கி வெச்சிக்கினு வேலையப் பாருனு சொன்னீங்க."

"மிஷினு பொய் சொல்லுதா, நீ சொல்றியானு இப்ப தெரிஞ்சிடும். பாரும்மா."

நெருப்பை முந்தின நாளே வாரிக் கொட்டி, கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். அடுப்பு ஆறிவிட்டது. அன்புச்செல்வி சென்சாரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் விட்டாள். கல்லாவுக்கு மேலே பெட்டியில் சிவப்பாக நூறு நின்றது. மனசு குளிர்ந்துபோயிற்று அவளுக்கு.

"பெட்டி சரியாத்தான் இருக்குது சார்," என்றாள்.

"அப்போ கட்டைய அள்ளிப் போட்டது யாரு? உன் கைதானே?"

வெள்ளையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அன்புச்செல்வியைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா பாரு பாப்பா. மொதல் ரெண்டு தட்டு பழுதில்லாம வந்துது. சுவரு சூடேறினதுக்கப்புறம்தான் அது தப்பா காட்டுது."

அன்புச்செல்வியின் கண் தானாகவே சுவருக்குப் போயிற்று. அடுப்பின் தகட்டுச் சுவரை ஒட்டி, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது கறுப்பு டேப். சுவர் சூடேறினால் ஒட்டும் சூடேறும். பெட்டி நாற்பது டிகிரிக்குக் குறையாமல் ஏய்க்கும், விசிறி நிற்காமல் ஊதும். பாடப் புத்தகத்தில் படம் போட்டுச் சொன்னதை, ஒரு நாள் கையை நீட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள் அந்த அம்மாள்.

சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் திறக்கவில்லை. பன் அடுக்குகிறவர்கள், மாவு பிசைகிறவர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைலேர்ந்து வர வேணாம் வெள்ளையம்மா. பௌர்ணமி அதுவுமா என் பேரைக் கெடுத்துட்ட," என்றார் அருணகிரி.

வெள்ளையம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உதறி, மடித்துத் தூக்குச்சட்டியோடு வைத்துக்கொண்டாள். அழவில்லை. அன்புச்செல்வியைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் நின்று முகத்தைப் பார்த்தாள். நோயாளியின் நாக்கைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும் வரைக்கும் அன்புச்செல்வி காதுமடல் சுட உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் அம்மா ரேணுகாம்பாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க செல்வி போயி கைய வெச்சா போதும், எந்த மிஷினா இருந்தாலும் வழிக்கு வந்துடும்."

"சும்மா இரும்மா!"

"இன்னாடி, ஊர்ல சொல்றதைத்தானே சொல்றேன்?"

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ஒட்டுப்போட்டதைக்கூட அவசரம் என்று சமாளித்துக்கொள்ளலாம். 'பெட்டி சரி' என்றதையும் தெரியாமல் சொன்னேன் எனலாம். அதற்குப் பிறகு தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு என்ன பேர்? 'ஆம்பள யாரும் வரலையா' என்று மறுபடி கேட்பார்களே என்ற பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குப் பதினோரு வருஷ வேலையை விலையாகக் கொடுத்திருக்கிறாள். அதுவும் அடுத்தவளுடையதை.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்தாள். பௌர்ணமி என்பதால் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அடி அண்ணாமலையில் இருந்த வெள்ளையம்மாள் வீட்டுக்கு நடந்தே போனாள். வெள்ளையம்மாள் குழாயடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். வயருல ஒட்டுப்போட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் சரி."

கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எப்ப தெரிஞ்சுது?"

"சுவரு சூடேறினதுக்கப்புறம்னு சொன்னீங்களே, அப்பவே."

"அப்பவே." குடத்தைக் கவிழ்த்தாள். "என் வீட்டு வாசல்ல வந்து சொல்ற. என்னைத் திருடியாட்டம் தொரத்தினது அங்க. நட. அதே எடத்துல, அத்தினி பேரு முன்னாடியும் சொல்லு."

சொன்னாள். மாவுக் கைகளோடு எல்லாரும் நிற்க, ஒட்டுப்போட்டது, தெரிந்தே போட்டது, புரிந்தும் பேசாமல் நின்றது, மூன்றையும் சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லை.

அருணகிரி முகம் சிவந்துபோயிற்று. "உன்னை நம்பி அந்தம்மாவ நான் பேசிட்டேனேம்மா! உன் கடைக்காரர்கிட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க சார்."

அவர் வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினார். "சரி சரி, போய் அடுப்பைப் பத்த வை. கூட்டம் வந்துடும்."

"பத்த வெக்கிறேன். பெட்டி என்கிட்ட வரட்டும் மொதல்ல," என்றாள் வெள்ளையம்மாள்.

அவர் கல்லாவைப் பார்த்தார், கரிந்த ரஸ்க்கைப் பார்த்தார், 'என்னமோ செய்யுங்க' என்பதுபோல் கையை உதறிக்கொண்டு வெளியே போனார்.

அன்புச்செல்வி கல்லாவுக்கு மேலே இருந்த பெட்டியைக் கழற்றினாள். காலிங் பெல் வயரை ஒட்டோடு பிடுங்கிச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுப்புக்கு எதிரே இருந்த தூணில் துளை போட்டுப் பெட்டியை மாட்டினாள். சென்சாரின் சொந்த வயர் சரியாக எட்டியது. நெருப்புப் போட்டு, சுவர் கை வைக்க முடியாதபடி சூடேறும் வரைக்கும் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் கொதிக்கிற தண்ணீரில் சென்சாரை மறுபடி விட்டுப் பார்த்தாள். நூறு. எடுத்து அடுப்பில் சொருகினாள். பெட்டியில் நூற்றைம்பது வந்ததும் விசிறி நின்றது.

வெள்ளையம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பு வாயில் கையை நீட்டினாள். அன்புச்செல்வி பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினாள். பதினைந்தில் வெள்ளையம்மாள் கையை எடுத்தாள்.

"தட்டை எடு," என்றாள்.

அன்புச்செல்வி தட்டை எடுத்துக் கொடுத்தாள்.