வெள்ளைவால் எலியும் ஒரு குளோரோஃபார்ம் புட்டியும்

ஒரகடம் பக்கம் புதர்க்காட்டில் எலி பார்க்கப் போகலாமா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். புலி பார்க்கப் போகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எலி பார்க்கப் போகிறவரைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுபதுகளின் நடுவில், கல்யாணமான முதல் வருடம், நானும் அப்படி ஒருவரோடுதான் போனேன். அவர் என் கணவர். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்.

தாம்பரத்தில் காலை ஆறரைக்குப் பஸ். சேரப்பணஞ்சேரி சுமார் பதினேழு கிலோமீட்டர். படப்பையில் டீக்கு நின்றதையும் சேர்த்து முக்கால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு அறுபது பைசா. அங்கிருந்து காட்டு ஓரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. முதல்நாள் மாலையே இவர் வந்து, பொந்து விழுந்த ஒரு இலுப்பை மரத்தடியில் சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டிக் கூண்டு வைத்திருந்தார். அங்கே ஆடு மேய்க்கும் குப்பம்மாளிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

கூண்டில் எலி இருந்தது. எலி என்றாலே கட்டிலில் ஏறி நிற்கிற நான் கிட்டே போய்ப் பார்த்தேன். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, பெரிய காது. வால் உடம்பைவிட நீளம். அடியில் கறுப்பு, நுனிப் பக்கம் பாலில் தோய்த்தது போல வெள்ளை. வீட்டெலிக்கும் வயலெலிக்கும் இந்த வால் கிடையாது என்று சொல்லிக்கொண்டே இவர் கூண்டின் முன் மண்டியிட்டார். மரப்பொந்தில் இலை சேர்த்துக் கூடு கட்டும் வெள்ளைவால் காட்டெலி. அது இந்தப் பக்கம் இருப்பதாகக் கல்லூரியில் யாரும் நம்பவில்லை. தோலும் மண்டையோடும் கொண்டுவந்தால் இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை, இல்லாவிட்டால் வெறும் பேச்சு என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

இவர் பையிலிருந்து பஞ்சையும் குளோரோஃபார்ம் புட்டியையும் எடுத்து, மூடியைத் திறந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே எனக்குக் குமட்டியது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். குப்பம்மாள் என் முதுகைத் தடவிவிட்டு, எத்தனை மாதம் என்று காதோடு கேட்டாள். மூன்று என்றேன். நேரே இவரிடம் போனாள்.

"இன்னா சார் நீ, பொண்டாட்டி மாசமா கீறா, நீ உயிர கொல்லப் போறியே. புருசங்காரன் அத்த செய்யக் கூடாது சார்."

இவர் சிரித்தார். சகுனம், ராகுகாலம் எதையும் பார்க்காத மனிதர். எங்கள் முகூர்த்தத்தையே கல்லூரி விடுமுறை பார்த்துத்தான் வைக்கச் சொன்னார். எலிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார். குப்பம்மாள் நகரவில்லை. நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்தார். பஞ்சில் ஊற்றாத புட்டி வெகுநேரம் கையிலேயே இருந்தது.

இப்போது போகிறவர்களுக்கு: கூண்டெல்லாம் வேண்டாம். வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்ததும் டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டி, மரப்பொந்துகளைத் தள்ளி நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வாலைப் பாருங்கள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் விரட்டுகின்றன, ஓரமாக நடங்கள்.

மறுநாள் துறைத் தலைவரிடம், எலி தப்பி ஓடிவிட்டது என்று இவர் சொன்னாராம். முதல் கட்டுரைக்கு இன்னும் நான்கு வருடம் ஆனது, அதுவும் தவளையைப் பற்றி. பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த இந்த மனிதரை நானாக விரும்பத் தொடங்கியது அந்த இலுப்பை மரத்தடியில்தான். எலி ஓடியது நிஜம். கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போ, போ" என்று அதைக் கெஞ்சியவர் இவர்.