வெள்ளைப் பலகை கறுக்கும்

பால் குடித்தபடியே மகள் மடியில் தூங்கிவிடுவாள். நான் அசைந்தால் எழுந்துவிடுவாள். அந்த நேரத்தில் கைப்பேசியில் நான் பார்ப்பது, அடுத்த குளிர்காலத்துக்கு வரப்போகும் பனிச்சறுக்குப் பலகைகளின் படங்களை. பனியை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் பலகையின் நிறத்துக்கும் அதிலுள்ள ஓவியத்துக்கும் வெளிநாட்டு ரசிகர்கள் போடும் சண்டை பிடித்துப்போய் அவர்களுடைய குழுவில் சேர்ந்திருந்தேன்.

ஒருநாள் முழு வெள்ளையில் ஒரு பலகை வந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். "வெள்ளை வேண்டாம், சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும்" என்று முதன்முறையாக எழுதினேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில், கொடியில் காயும் துணியிலிருந்து தினமும் கரித்தூளை உதறுகிறவள் நான். பனியில் ஏது அழுக்கு என்று பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "உண்மைதான், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டின் கிரீஸ் பட்டு என்னுடையது கறுத்துவிட்டது. நீங்கள் சறுக்க எந்த மலைக்குப் போவீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால் இனி என் பேச்சை அங்கே யார் மதிப்பார்கள்? சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம், எந்த மலை என்று எழுதுவது எனக் கேட்டேன்.

"மலையா? மைன்ஸ்ல வெட்டிக் கொட்டுன மண்ணுமேடு இருக்குல்ல, அதைப் போடு," என்று சிரித்தார். "இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

"விளையாடாதீங்க. நான் சொல்றதைக் கேக்க அங்கதான் ஆள் இருக்கு."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். எழுதி எழுதி அழித்து, கடைசியில் நான் பதில் போடவேயில்லை.

நேற்று மஞ்சள் பலகை ஒன்று வந்தது, விளிம்பில் ஊதா. அந்த ஊதா வேண்டாம் என்று தோன்றியது. எழுதினால் அந்தக் கேள்வி மறுபடி வருமே என்று, மகள் மடியில் கனக்க, அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.