ஏழாம் அத்தியாயத்துக் கோடுகள்

படிக்காத புத்தகத்தில், படித்தவனைப் போலக் கோடு போட்டவன் நான்.

இது என் குற்றத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதியைச் சொல்ல இன்னும் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும். அதுவரை நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருங்கள். பிறர் சிரிப்புக்கு ஆளாவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஓசூர் தொழிற்பேட்டையில், தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்களைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. அந்த மெஷின்களுக்கு நிரல் எழுதும் பிரிவில், அதாவது அவற்றுக்கு மூளை வைக்கும் பிரிவில், நான் இருந்தேன். மெஷினுக்கு மூளை வைத்தவனுக்கு யார் வைத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்… கணினித் திரைகளுக்கெல்லாம் முதுகு பெருத்திருந்த காலம் அது.

ஒருநாள் மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். ‘பரிந்துரைக்கப்படும் நூல்கள்.’ மென்பொருள் எப்படியெல்லாம் கெட்டுப்போகும், கெட்டாலும் ஆளை அடிக்காமல் எப்படிக் கெட வேண்டும் என்று விளக்கும் ஆங்கிலப் புத்தகங்கள். கம்பெனியே வாங்கி வைத்திருந்தது. யார் முதலில் படிக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் என் கை தானாக உயர்ந்தது. என் கை எப்போதுமே முந்திக்கொள்ளும். தலைக்குச் செய்தி பிறகுதான் போகும்.

நீல அட்டை போட்ட ஒரு புத்தகம் எனக்கு வாய்த்தது. தலையணைக்குச் சித்தப்பா என்று சொல்லலாம். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் தினமும் அதை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தேன். முன்னுரையைத் தாண்டுவதற்குள் உறக்கம் வந்துவிடும். சில நாள் கழித்து மேனேஜர் அதை வாங்கிப் புரட்டினார்.

“என்னய்யா, புது மாப்பிள்ளை சட்டை மாதிரி மடிப்புக் கலையாம இருக்கு? படிச்ச அடையாளமே காணோமே.”

அன்றைக்கே ஒரு பென்சில் வாங்கினேன்.

கோடு போடுவதற்கு எனக்கென்று ஒரு நெறிமுறை இருந்தது. குட்டையான வரியா, ஒரு கோடு. படத்துக்குக் கீழே வரும் வரியா, ஒரு கோடு. சூளகிரி அருகே பஸ் குலுங்கும்போது பென்சில் எங்கே போய் இடிக்கிறதோ, அங்கேயும் ஒரு கோடு. ஓரங்களில் ‘ஆம்’ என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் சந்தேகம் வருமே என்று ஓரிடத்தில் கேள்விக்குறி. ஆறு அத்தியாயங்கள் இப்படி உழைத்தேன். கடைசி அத்தியாயமான ஏழாவதைத் தொட்டபோது பென்சில் முனை உடைந்தது. சீவச் சோம்பல். ஏழாம் அத்தியாயம் வெள்ளையாகவே நின்றுவிட்டது.

ஒரு பென்சில் முனை! அதற்கு மேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

அப்போதுதான் அமுதா எங்கள் பிரிவில் சேர்ந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். பலகையில் இருந்த தாளைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“நீலப் புத்தகத்த நீங்க ஒருத்தர்தான் முழுசாப் படிச்சிருக்கீங்களாமே. மேனேஜர் சொன்னாரு.”

“படிச்சிக் கோடும் போட்டிருக்கேங்க. கோடு போட்டத மட்டும் படிங்க, போதும். மிச்சமெல்லாம் பக்கத்த ரொப்பறதுக்கு எழுதனது.”

நம்பிவிட்டாள். சில நாளில் மறுபடி வந்தாள்.

“இந்தப் பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்கீங்க. நானும் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டேன், அவரு சொல்றது சரியாத்தான் தெரியுது. உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“அது பெரிய விஷயங்க. டீ குடிச்சிக்கினே பேசணும்.”

டீ குடித்தோம். அந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

முன்னுரையின் முடிவில், இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட தன் மனைவிக்கு நூலாசிரியர் நன்றி சொல்லியிருந்தார். அதற்கும் கோடு போட்டிருந்தேன்.

“ஏங்க, இதுக்குமா கோடு?”

“புத்தகத்துலயே நான் முழுசா ஒத்துக்கிட்ட வரி அது ஒண்ணுதான்.”

சிரிக்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்தக் கோடு சூளகிரிக் குலுக்கலில் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்குத் தரகு வேலை பார்த்தது நெடுஞ்சாலைப் பள்ளம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் இது ஒரு காதல் கதை. நிறுத்த முடியவில்லையே…

ஒரு புது பிரஸ்ஸுக்கு நிரல் எழுதும் பொறுப்பு அமுதாவுக்கு வந்தது. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள், ஒன்றுக்கொன்று எட்டத்தில். இரண்டையும் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தட்டுக்கு அடியில் கை இருக்க வழியில்லை. எளிமையான யோசனை. அமுதாவின் நிரலும் எளிமையாக, இரண்டும் அழுந்தியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தது.

அதைச் சோதனைக்கு ஓட்டியவர் முனிராஜ், ஜூஜுவாடிக்காரர். வீட்டில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம், எங்களிடம் தமிழ், மெஷினிடம் மூன்றிலும் வசவு. ஒரு கையாவது சும்மா இருக்கட்டுமே என்று, ஒரு பட்டனைச் சைக்கிள் ட்யூப் துண்டால் அழுத்திக் கட்டிவிட்டார். அழுத்துவது கையா ட்யூபா என்று நிரலுக்குத் தெரியாது. சாய்ந்து கிடந்த தகட்டைச் சரிசெய்ய ஒரு கையை உள்ளே விட்டார். மறுகை, பழக்க தோஷம், பட்டனுக்குப் போனது.

தட்டு இறங்கியது.

கையை உருவிக்கொண்டார். கையுறை உள்ளே நின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது அப்பளமாக இருந்தது.

நாங்கள் ஓடினோம். அமுதா மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். முனிராஜ் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார்.

“அழுவாதம்மா. பாரு, அஞ்சும் இருக்குது. செத்தது கிளவுஸு. ட்யூப் கட்டனவன் நானு, நீ எதுக்கு அழுவுற?”

“நீங்க கட்டுவீங்கன்னு என் புரோகிராமுக்குத் தெரிஞ்சிருக்கணும்ண்ணே.”

விசாரணை நடந்தது. ஆள் பட்டனைக் கட்டிப்போட்டு ஏமாற்றுவான். ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டனும் விடுபட்டு மறுபடி சேர்ந்து அழுந்தினால்தான் மெஷின் அசைய வேண்டும். இது அந்த நீலப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று மெஷினை வாங்கவிருந்த கம்பெனியின் ஆள் போனில் சொல்லியிருந்தார்.

“ஏழாவது அத்தியாயமாம். படிக்கலையாம்மா?” என்றார் மேனேஜர்.

“ஏழு படிக்கல சார். என் தப்பு.”

கோடு போட்டதை மட்டும் படி என்று சொன்னவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் டீயில் ஏடு படிவதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வாயாடி என்று பெயர் எடுத்தவனய்யா நான்!

நிரல் வேலை அவளிடமிருந்து போனது. மெஷினுக்குக் கையேடு எழுதும் மூலையில் உட்கார வைத்தார்கள். புத்தகம் என்னிடம் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரில், பாரூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தை முதன்முதலாகப் படித்தேன். முனிராஜின் தோளுக்குப் பின்னால் நின்று எழுதியது போல இருந்தது. தூக்கமே வரவில்லை. பென்சிலைச் சீவி, படிக்கப் படிக்கக் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட நேர்மையான கோடுகள் அவைதாம். நாளைக்கு அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்… சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நம்புவீர்களா?

திங்கட்கிழமை கேன்டீனில் புத்தகத்தை நீட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

“ஏழுலயும் கோடு இருக்கே…”

பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“வெள்ளையால்ல இருந்துச்சுன்னு நெனச்சேன். இவ்வளவு கோடு போட்டுக் குடுத்தும் பாக்காம விட்டுருக்கேனே. மனசுக்குள்ள உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேங்க. மன்னிச்சிருங்க.”

“பரவால்ல” என்றேன்.

இதுதான் இரண்டாம் பாதி. ஒரே ஒரு சொல். பரவாயில்லை! யார் யாருக்குச் சொல்ல வேண்டிய சொல்!

ஏன் சொல்லவில்லை? கல்யாணத்துக்கு முன்னால், சொன்னால் கல்யாணம் நடக்காதோ என்ற பயம். நடந்த பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளோ என்ற பயம். தவற்றைத் திருத்தத் தாமதிக்கத் தாமதிக்கச் செலவு கூடும் என்று அந்தப் புத்தகத்திலேயே எங்கோ இருக்கிறது. அதற்கும் கோடு போட்டிருக்கிறேன். குட்டையான வரி.

நிரல் வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் அவள்தான் எடுக்கிறாள். பரிந்துரைக்கும் நூல்களில் முதலிடம் நீலப் புத்தகத்துக்கு. வகுப்பு, முனிராஜின் கையுறையில் தொடங்கும். அவரே கொண்டுவந்து தூக்கிக் காட்டி, “என் கைக்குப் பதிலா இது போயி சேந்துச்சு” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அமுதா சொல்வாள்:

“எனக்குக் கோடு போட்டே குடுத்திருந்தாங்க. அப்பவும் நான் பாக்கல. அதனால உங்க கண்ண நீங்களே நம்பாதீங்க. இன்னொருத்தரையும் பாக்கச் சொல்லுங்க.”

ஒவ்வொரு முறையும், என் குற்றத்தை அவள் தன் குற்றமாக ஒப்புக்கொள்கிறாள். நான் கடைசி வரிசையில் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாடம் நல்ல பாடம், கேட்டவர்கள் உருப்படுவார்கள். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்… உங்களுக்கே சிரிப்பு வருகிறதா?

வீட்டிலும் அதே பாடம்தான். நேற்று ராயக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“நீங்களும் ஒருக்கா பாத்துட்டு வாங்க. என் கண்ண நம்ப முடியாது.”

உள்ளே போனேன். மூடித்தான் இருந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அன்றைக்கும் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அந்தப் பக்கங்கள் வெள்ளையாகத்தான் இருந்தன.

அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தேன்.

“மூடியிருக்கு” என்றேன்.

“நல்லவேள, நீங்க இருக்கீங்க” என்றாள்.