மட்கார்டில் வைத்த கறுப்புப் பொட்டு

ஷார்ஜாவில் விளையாடுவதற்கென்றே ஒரு வண்டி இருக்கிறது, நம்புவீர்களா? மூன்று சக்கரம், கொழுத்த டயர். மூட்டை ஏற்ற முடியாது, சந்தைக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை மணல்மேட்டில் ஏறிக் குதித்து உருளுவார்கள். மறுநாள் சிராய்ப்போடு எங்கள் பட்டறைக்கு வரும். அதன் மட்கார்டு பிளாஸ்டிக். நம்மூரில் உடைந்த பிளாஸ்டிக்கைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்போம். பேரீச்சை விளையும் ஊரில் நான் அதற்குப் பெயிண்ட் அடிக்கிறேன்!

தர்மபுரியில் லாரிக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசித் தேய்த்த கை. பொம்மிடி ரயிலடியில் மனைவி என் காதுக்குப் பின்னால் கண்மை தொட்டு வைத்து அனுப்பினாள். இங்கே முதல் நாள் வியர்வையிலேயே அது போய்விட்டது. வந்த திமிரில் பிளாஸ்டிக்குக்கும் லாரிப் பட்டியையே அப்பினேன். வண்டிக்காரர் உட்கார்ந்ததும் மட்கார்டு வளைந்தது, பட்டி அப்பளமாக நொறுங்கியது. இன்னொரு தடவை கெடுத்தால் ஊருக்கு டிக்கெட் என்றார் பெஷாவர்க்கார ஃபோர்மேன். எனக்கு முழுதாகப் புரிந்த முதல் இந்தி அதுதான். அந்த வாரம்தான் மனைவி கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள்: "நம்ம வூடு ஜன்னல் மட்டம் வந்துருச்சுங்க." டிக்கெட் வந்தால் கட்டுகிற வீடு ஜன்னலோடு நின்றுவிடும்.

அடுத்த வண்டியை விட்டேனா பார்! சோப்புப் போட்டுக் கழுவி, ஈர எமரித் தாளில் தேய்த்து, ஆழமான கீறல்களைச் சூடான காற்றில் இளக்கி, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமர் அடித்து, வளைந்தாலும் வெடிக்காத மருந்து கலந்து சிவப்பு அடித்தேன். அடேயப்பா, என் முகமே தெரிந்தது! சந்தோஷத்தில் கை சும்மா இருக்குமா? எங்கள் தர்மபுரிப் பட்டறை வழக்கப்படி ஓரத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டேன்.

வண்டிக்கார அரபி வந்து மட்கார்டை அழுத்தி வளைத்தார். ஒரு விரிசல் இல்லை. பிறகு பொட்டைப் பார்த்தார். விரலால் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், கத்தத் தொடங்கினார். ஃபோர்மேன் என்னை முறைத்தார். எங்கள் பட்டறையில் அரபி மொழி தெரிந்தவர் ஏரியூர்க்கார அன்வர் பாய்; அவர் ஓடி வந்தார்.

"நல்லா இருந்த வண்டியில என்னங்க இது?"

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதானுங்க பாய். இத்தன அழகா வந்துருக்குது, சும்மா வுட முடியுங்களா?"

அன்வர் பாய் அதை அரபியில் சொன்னார். அரபி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மறுபக்க மட்கார்டைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அந்தப் பக்கம் ஏன் வெக்கலைன்னு கேக்குறாருங்க!"

துள்ளிக் குதித்துப் போய் வைத்தேன். மணலைக் கிளப்பிக்கொண்டு வண்டி பறந்தது, இரண்டு பக்கமும் தர்மபுரியோடு. விரலில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது. கை கழுவுமுன் அதை என் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துக்கொண்டேன். இது பெயிண்ட், வியர்வையில் போகாது.