மலர் சிஸ்டரின் பழந்துணி பீரோ

ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மலர் பதினெட்டு வருஷமாக நர்ஸ். பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் சுற்றவேண்டும் என்பது நம் ஜனங்களின் வழக்கம். ஆனால் வலி கண்டதும் கிடைத்த ஆட்டோவில் ஏறி ஓடி வருகிறவர்களுக்கு அது எங்கே நினைவிருக்கும்? அவர்களுக்காகத்தான் வார்டு மூலையில் கிடந்த பழைய பீரோவில் மலர் துணி சேர்க்க ஆரம்பித்தாள். வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்குவாள். இப்போது தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள், பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டையை அதில் வைத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துப் போகிறார்கள். கொசுவலை வருகிறது, போகிறது. ஒரே நடைவண்டி ஏழு வீடு சுற்றியிருக்கிறது.

"சும்மாவா சிஸ்டர்?" என்று யாராவது கூச்சப்பட்டால், "சும்மா இன்னாத்துக்கு? ஒண்ணு வெச்சிட்டு ஒண்ணு எட்த்துகினு போ" என்பாள்.

சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் அம்மாவின் குரல் கேட்கும்.

அம்மா பச்சையம்மா திருவொற்றியூர் குப்பத்துக்காரி. விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரத்துத் தெருக்களில் விற்பாள். கையில் காசில்லாத வீட்டிலும் மீனைக் கொடுத்துவிட்டு, வேண்டாமென்று ஒதுக்கிய சாமானை வாங்கிக்கொள்வாள். சுவர்க்கடிகாரம் பேசின் பிரிட்ஜ் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தது, சங்கரா மீனுக்கு. இரும்புக் கட்டிலுக்கு ஒரு மாதம் மீன் கொடுத்தாள். அந்த வீட்டில் கடையில் புதிதாக வாங்கிய சாமான் என்று பார்த்தால் அருவாமணை ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. 'டிரைவர் வூட்டு கடியாரம்', 'டீச்சரம்மா நாற்காலி'. அந்தப் பெயர்களைச் சொல்லி விளையாடியே மலர் வளர்ந்தாள்.

நாலாம் வகுப்பில்தான் கவுன் விவகாரம் வந்தது. அதுவும் மீனுக்கு மாற்றாக வந்ததுதான். எலுமிச்சை நிறம், மார்பில் இரண்டு வாத்து தைத்தது. பள்ளி ஆண்டுவிழா அன்று அதைப் போட்டுக்கொண்டு மலர் மிதந்துகொண்டு போனாள். வாசலில் ஐந்தாம் வகுப்பு ரெஜி நிறுத்தினாள்.

"ஏ, இது என் கவுன்! அந்த வாத்தைப் பாரு, எங்கம்மா தச்சது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மலர் விழா முடியும்வரை இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து கவுனைக் கழற்றி வீசினாள். "இனிமே நான் ஸ்கூலுக்கே போவமாட்டேன்" என்று மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் பச்சையம்மா திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. அதே கவுனை மகளுக்கு மாட்டிவிட்டு, ஒரு கையில் அவளையும் தலையில் கூடையையும் கொண்டு நேரே ரெஜி வீட்டு வாசலில் போய் நின்றாள். ரெஜியின் அம்மா ஞானபாக்கியம் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் மளிகை மொத்த வியாபாரி. உள்ளே ரெஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் முதல்நாள் பச்சையம்மா கொடுத்த வஞ்சிரம்.

"பாப்பா, மீனு நல்லா கீதா?" என்றாள் பச்சையம்மா.

ரெஜி தலையாட்டினாள்.

"அத்த நேத்து நான் தூக்கிகினு வந்தேன். இப்ப அது உன் தட்டுல கீது. உன் கவுனு எம்பொண்ணு மேல கீது. இதுல யாரு யாருக்கு பிச்ச போட்டாங்க, சொல்லு."

ரெஜி தட்டைப் பார்த்தாள். ஞானபாக்கியத்தின் முகம்தான் சிவந்தது. "ஏட்டி, அந்தப் பிள்ளைகிட்ட இப்படியா பேசின?" என்று மகளை அதட்டிவிட்டு, "உள்ள வாங்க பச்சையம்மா" என்றாள். அத்தனை வருஷமும் வாசலோடு நின்ற பச்சையம்மா அன்றுதான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தாள். மலருக்கும் ஒரு தட்டு வந்தது. தன் அம்மாவின் மீன் இன்னொரு வீட்டுக் குழம்பில் இவ்வளவு ருசிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு மே மாதமும் ரெஜியின் பாடப்புத்தகங்கள் மலருக்கு வந்தன. ஓரத்தில் பென்சிலால் எழுதிய விடைகளோடு. மலர் கணக்கில் கெட்டி. பத்தாவது வருவதற்குள் ரெஜிக்கே அவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வளையல், ரிப்பன், வார இதழ் எல்லாம் இருவருக்கும் பொது. ரெஜி கல்யாணமாகி பெங்களூரு போன பிறகு மலர் வெகுநாள் எந்த வளையலும் போடவில்லை.

போன வருஷம் பச்சையம்மா காலமானாள். காரியம் முடிந்ததும், மீன் வாடை அடித்த புடவைகளை யாரும் சீந்தவில்லை. பதினாலும் மெல்லிய பருத்தி வாயில் சேலைகள். உடுத்தி உடுத்தி வெண்ணெயாக மெத்தென்று ஆனவை. மலர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். நாலு முறை கொதிக்கவைத்தாள். ஒவ்வொன்றாகக் குழந்தை சுற்றும் அளவுக்குக் கிழித்து பீரோவில் அடுக்கினாள்.

இந்தச் சித்திரையில், எண்ணூரிலிருந்து ஒரு பெண் தடுப்பூசிக்கு வந்தாள். குழந்தை ஊதாப் பூப்போட்ட துண்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அது அம்மாவின் சேலைத் துண்டு; கிழிப்பதற்கு முன் அந்தச் சேலையை மலர் ஒரு இரவு தலைக்கடியில் வைத்துப் படுத்திருந்தாள்.

"வேற சட்டையெல்லாம் பீரோவுல வெச்சிட்டேன் சிஸ்டர். இத்த மட்டும் வாங்கிக்காதீங்கோ. இது இல்லாங்காட்டி தூங்கவே மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண்.

மலர் துண்டின் ஓரத்தை விலக்கி, குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்தாள்.

"வெச்சிக்கமா" என்றாள். "காலை கெட்டியா புட்ச்சிக்கோ, ஊசி போட்றேன்."