பாம்பு புடிச்ச நூர்ஜஹான்

1. சமோசா

ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஆபீஸ்ல உங்களுக்கு சும்மா சமோசா குடுத்தா, துன்னுங்க. ஆனா கதவு எந்தப் பக்கம் கீதுன்னு பாத்து வெச்சுகினு துன்னுங்க.

பள்ளிக்கரணை சதுப்புக்கு எதிர்ல ஒரு கம்பெனி பில்டிங்கு, ஏழு மாடி. அங்க நாங்க எட்டு பொம்பளைங்க, ஏஜென்சி மூலமா. நான் தாம்பரத்துலேருந்து பஸ் புடிச்சு வருவேன். ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு சூப்பர்வைசர் பாஸ்கர் வந்து, "தொடைக்கிற மாப்ப எல்லாம் அப்படியே வெச்சிட்டு டிரெய்னிங் ரூமுக்கு வாங்க"ன்னாரு. இத்தினி வருசத்துல மாப்ப கீழ வெக்கச் சொன்ன மொத ஆளு அவருதான்.

நாங்க தொடைக்கிற சேர்லயே எங்கள உக்காரச் சொன்னாங்க. தட்டுல சமோசா. ஏஜென்சி ஹெட் ஆபீஸ்லேருந்து ஷாலினின்னு ஒரு எச்.ஆர். பொண்ணு வந்து கீது. சின்ன வயசு, சிரிச்ச மூஞ்சி. கோவக்கார மூஞ்சின்னாகூட இன்னா கேக்க வந்துகீதுன்னு தெரிஞ்சிடும். சிரிச்ச மூஞ்சியில ஒண்ணும் தெரியாது.

"ஒண்ணுமில்ல அக்கா, ஜாலியா ஒரு கேம். ஐஸ் பிரேக்கர்னு சொல்லுவாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு. உங்களப் பத்தி இங்க யாருக்குமே தெரியாத ஒரு விஷயத்த எழுதுங்க. பேரு வேணாம். நான் ஒவ்வொண்ணா படிப்பேன், அது யாருன்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும்."

பக்கத்துல உக்காந்துகினு இருந்த மேரி என் காதுல, "தனக்கா, தாம்பரம் சைட்ல கோமதிய வேலைய வுட்டு நிறுத்துனாங்களே, அதுக்கு மொத நாளு அங்க கேக்கு வெட்டுனாங்களாம்"ன்னா.

கோமதி பண்ண தப்பு, இன்னொரு எடத்துலயும் வேலை பாத்தது. எங்க ஏஜென்சில அதான் பெரிய குத்தம். தெரிஞ்ச அன்னிக்கே யூனிஃபார்ம கழட்டிக் குடுத்துட்டுப் போவணும்.

எங்கள்லயும் அப்பிடி ஒருத்தி இருந்தா, நூர்ஜஹான். விடிகாலைல மேடவாக்கத்துல ஒரு கிளினிக்ல தரை தொடச்சிட்டு, பஸ்ல நின்னுகினே இட்லி துன்னுட்டு, ஒம்போது மணிக்கு இங்க மூச்சு வாங்க ஓடியாருவா. அவ புருஷன் சாரத்துலேருந்து வுழுந்து, இடுப்பு போயி படுத்துகினு கீறாரு. ரெண்டுல ஒரு வேலை போனாலும் வூடு நடக்காது. இந்த விஷயம் யாருக்கும் தெரியாதுன்னு அவ நெனச்சுகினு இருந்தா. ஏழு பேருக்கும் தெரியும். அவ கையில டெட்டால் வாசன வரும், எங்க சைட்ல டெட்டாலே கெடையாது.

2. சீட்டு

எங்கள்ல நாலு பேருக்கு எழுத வராது. அதுல நானும் ஒருத்தி, மூணாங்கிளாஸ், என் கையெழுத்த நானே மறுபடி படிக்க முடியாது. டாய்லெட் கதவுல மாட்டியிருக்கிற செக்லிஸ்டுலேருந்து எல்லாத்தையும் எங்களுக்கு எழுதித் தர்றது பத்தாவது படிச்ச நூருதான். அன்னிக்கும் அவதான் எழுதுனா.

"உனுக்கு இன்னா எழுதணும் தனக்கா?"

நான் நல்லா ரோசன பண்ணேன். வயசச் சொன்னா வம்பு, வியாதியச் சொன்னா வேலை போவும். "முன்ன இருந்த சைட்ல, பேஸ்மெண்ட்ல ஒரு சாரப்பாம்ப வைப்பரால தள்ளி பக்கெட்ல புடிச்சு, சதுப்புல வுட்டேன்னு எழுது"ன்னேன். பாம்புக்கு ரூல் இல்ல பாரு.

ஷாலினி படிக்க ஆரம்பிச்சுது. "எனக்கு நீச்சல் தெரியும்." மேரின்னு கத்துனாங்க, மேரிதான். "நான் கத்திரிக்காயே சாப்புட மாட்டேன்." இதெல்லாம் ஒரு ரகசியமா. எல்லாரும் என்ன மாதிரியே உஷாரா இருந்துகீறாளுங்கன்னு எனக்கு சந்தோசம்.

நாலாவது சீட்டு. "நான் காலையில வேற இடத்துலயும் வேலை பாக்கிறேன்."

படிச்சுட்டுதான் ஷாலினிக்கே உறைச்சுது. பாஸ்கர் சமோசாவ கீழ வெச்சாரு.

மத்த சீட்டுக்கெல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்து கை காட்டுன பொம்பளைங்க, இதுக்கு எட்டு பேரும் தரையப் பாத்தோம். அது எங்க தொழில் பழக்கம். ஆபீசருங்க சண்ட போட்டாலும், எவனாவது பாத்ரூம்ல அழுதுகினு இருந்தாலும், நாங்க தரையத்தான் பாப்போம். ஆனா எட்டு தலையும் ஒரே நேரத்துல குனிஞ்சா, பாக்கிறவனுக்கு அதுவே பதிலு.

"யாரும்மா அது?"ன்னாரு பாஸ்கர். "சொல்லுங்க, கேம்தானே."

இன்னொரு நிமிசம் போனா நூருவே அழுது காட்டிக் குடுத்துடுவா. நான் கை தூக்குனேன்.

"நான்தான் சார்."

"தனக்காவா? எங்க வேலை?"

"என் வூட்லதான். நாலரைக்கு எழுந்து தண்ணி புடிச்சு, ஆறு பேருக்கு ஆக்கி, மருமவ டப்பா வரைக்கும் கட்டிட்டு வர்றேன். வார லீவு கெடையாது. அங்க சூப்பர்வைசரு என் மாமியா, செத்து இருவது வருசமாச்சு, போட்டோலேருந்தே பாத்துகினு கீறா."

எல்லாம் சிரிச்சுது. பாஸ்கரும் சிரிச்சாரு, ஆனா கண்ணு சிரிக்கல. மேரி அவ சமோசாவ எடுத்து என் தட்டுல வெச்சா.

3. மிச்ச சீட்டு

நான் பெருசா பண்ணிட்டேன்னு நெனச்சுகினு துன்னுகினு இருக்கேன், ஏழாவது சீட்டு வருது. "நான் ஒரு பாம்பைப் பிடிச்சிருக்கேன்."

நான் சமோசாவ தட்டுல வெச்சேன். நூரு சீட்ட நான் எடுத்துகினேன். என் சீட்ட நான் மறந்தே போயிட்டேன்.

எல்லாரும் என்னையே கை காட்டுனாளுங்க. "தனக்கா! இந்த அராஜகம் வேற யாரு பண்ணுவா?"

ஷாலினி சொல்லுது, "தனக்காதான் முடிஞ்சுதே. ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

பாஸ்கர் மெதுவா எழுந்தாரு. "அப்ப அந்தக் காலை வேலை யாருதும்மா?"

பின்னாடிலேருந்து சன்னமா ஒரு குரலு. "பாம்பு நான்தான் சார்."

நூரு. அந்த வாரம்தான் பேன்ட்ரில ஒரு பல்லியப் பாத்துட்டு மைக்ரோவேவ் டேபிள் மேல ஏறி நின்னவ. அவள எறக்குனதே பாஸ்கர்தான்.

"பல்லிக்கு டேபிள் மேல ஏறுன. நீ பாம்பு புடிச்சியா?"

"பாம்பு கீழயே போவும் சார். பல்லிதான் மேலேருந்து வுழும்"ன்னா நூரு, கண்ணே சிமிட்டாம.

ஷாலினி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துது. அப்பால, "கரெக்டுதானே சார்"ன்னுட்டு எட்டாவது சீட்டப் பிரிச்சுது.

கேம் முடிஞ்சுதும் அந்தப் பொண்ணு சீட்ட எல்லாம் ஹேண்ட்பேக்ல போடப் போச்சு. நான் வுடல. டஸ்ட்பின்ன தூக்கிகினு முன்னாடி போயி நின்னேன்.

"குப்பைய இதுல போடும்மா."

அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துது. ரெண்டு சீட்ட தனியா எடுத்து, பொடிப்பொடியா கிழிச்சு, எல்லாத்தையும் டஸ்ட்பின்ல போட்டுது. "அக்கா, உங்க வீட்டு வேலை காலைல எத்தன மணிக்கு முடியும்? ஒன்பதரைன்னு வெச்சுக்கலாமா?"

நான் தரையத் தொடச்சேன்.

திங்கக்கெழம புது டூட்டி ரோஸ்டர் ஒட்டியிருந்துது. என் பேருக்கு நேரா ஒன்பதரை. கீழ, ஷிஃப்ட தங்களுக்குள்ள மாத்திக்கலாம்னு ஒரு வரி. அத நூருதான் எனக்குப் படிச்சுக் காட்டுனா.

"ஏன்டி அத எழுதுன?"ன்னு அன்னிக்குதான் கேட்டேன்.

"பேரு வேணாம்னாங்களே அக்கா. உங்க நாலு பேரு சீட்டும் என் கையெழுத்துதான், என்னுது எதுன்னு தெரியாதுன்னு நெனச்சேன். ஒரு தடவையாவது எங்கியாவது சொல்லிடணும் போல இருந்துச்சு."

ஒரு மாசம் என் ஒன்பதரைய அவளுக்குக் குடுத்துட்டு, நான் அவ ஒம்போது மணி ஷிஃப்ட பாத்துகினு, வாசலயும் பாத்துகினு இருந்தேன், எவனாவது செக்கிங் வருவானான்னு. யாரும் வரல. அந்தப் பொண்ணு நல்லதுக்குதான் பண்ணுச்சோ, பின்னால எதுக்காவது சேத்து வெச்சுகீதோ, எனக்கு இன்னும் தெரியாது.

இந்த ஆட்டத்த அப்பால நாலு சைட்ல ஆடிட்டேன். எங்கியும் அதே பாம்புதான், இப்ப ஆறடிக்கு வளந்துடுச்சு. உங்களுக்கும் ஒண்ணு வளத்து வெச்சுக்கோங்க. ஆனா ஒரு சீட்டு படிச்சு, ரூமே தரையப் பாத்துச்சுன்னா, நீங்களும் சேந்து குனியாதீங்க. கைய தூக்கிடுங்க. தூக்குனவ சீட்டு ஒண்ணு உள்ள மிச்சம் கெடக்கும், அத யாராவது ஒருத்தி எடுத்துக்கோங்க.