துளி டீச்சர் எழுதிய எண்

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன். கழுவுவதுதான் வேலை என்று பேர். துளி டீச்சர் வரும்வரை, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மதிப்பெண்ணே என் கையில்தான் இருந்தது என்றால் நம்புவீர்களா?

நடப்பு இதுதான். தேர்வு நாள் காலையில் ஆசிரியர் கரைசலைத் தரம்பார்ப்பார். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து எத்தனை மில்லி அமிலம் இறங்கினால் குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் போகிறதோ, அந்த எண்ணை எழுதி உறையில் போட்டு ஒட்டுவார். வெளிப்பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார். அந்த எண் உறைக்குள் போகும் முன்பே என் காதுக்கு வந்துவிடும். தண்ணீர் ஊற்றும் சாக்கில் மேசை மேசையாகப் போய்க் கிசுகிசுப்பேன். தேர்வாளர் அந்த நேரம் பார்த்து ஜன்னலோரம் காற்று வாங்கப் போவார். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தார்களா, பார்க்கவில்லையா என்று யாரும் கேட்டதில்லை. நானும் ஏதோ தர்மம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த டீச்சர் வந்தார். நாற்பதைத் தொடும் வயது, ஒல்லியான உடம்பு, பள்ளிக்கூட மணியைத் தோற்கடிக்கும் குரல். முதல் வாரமே என்னை உட்காரவைத்து, இனிமேல் யார் காதிலும் எந்த எண்ணும் போகக் கூடாது என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் தோற்றால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அதற்கு அவர் தன் கதையைச் சொன்னார்.

அவரும் இப்படிக் காதில் வாங்கிய எண்ணை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்தான். படித்து முடித்து ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பியூரெட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாதி பியூரெட் அமிலத்தையும் திறந்துவிட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் திட்டவில்லையாம். சிரித்தாராம். அந்தச் சிரிப்பை மறக்க ஆறு வருடம் அங்கே நின்று வேலை கற்றுக்கொண்டு, பிறகுதான் ஆசிரியர் பயிற்சிக்கே போயிருக்கிறார். அதைக் கேட்டபிறகும் என் கோபம் தணியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பாடம் எடுக்கும் முறை என் இடுப்பை ஒடித்தது. வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர், பியூரெட் பதினாறு. மற்றவர்கள் என்றால் ஒருவர் செய்ய, மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இவரோ மருந்தகத்திலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சுகளை வாங்கிவந்து, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார். சிரிஞ்சிலேயே அளவுக் கோடு இருக்கிறதே, துளித்துளியாக விடவும் வருகிறதே, வேறென்ன வேண்டும் என்பார். குடுவைக்குப் பதில் மருந்துப் புட்டி. அதன் கீழே ஒரு வெள்ளைத் தாள், நிறம் போவது பளிச்சென்று தெரிய. அத்தனையையும் கழுவுவது யார்? நான்தான்.

ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு அடர்த்தியில் கரைசல் கொடுப்பார். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிப் பயனில்லை. செய்யும் முன்பே என்ன நடக்கும் என்று ஊகித்துக் கரும்பலகையில் எழுதச் சொல்வார். தப்பான ஊகத்தை அழிக்க விடமாட்டார். அது ஏன் தப்பானது என்பதுதான் அன்றைய பாடம். சூத்திரம் கடைசியில்தான் வரும். சமன்பாட்டைச் சமப்படுத்தத் தையல்காரரிடம் வாங்கிய சட்டைப் பொத்தான்கள். கறுப்புப் பொத்தான் கார்பன், வெள்ளை ஹைட்ரஜன். இந்தப் பக்கம் இருந்த பொத்தான் அந்தப் பக்கம் காணாமல் போனால் எங்கேடா போச்சு என்று பெஞ்சுக்கு அடியில் தேடுவார். வகுப்பு சிரிக்கும், அப்புறம் எண்ணிப் பார்க்கும். நிறம் மாறப்போகிற சமயத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, “இன்னும் ஒரு துளி” என்பார். அதில் வந்த பேர்தான் துளி டீச்சர்.

பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் செய்முறை மதிப்பெண் குறைந்தது. காதில் வாங்கி எழுதினால் எல்லாரும் ஒரே எண். கண்ணால் பார்த்து எழுதினால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தானே செய்யும்? இது தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை. இந்த வருடமும் குறைந்தால் பன்னிரண்டாம் வகுப்பை அடுத்த பிரிவு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஆசிரியர் குறிப்பு வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், மணி அடிக்கும். துளி டீச்சருக்கு அந்த வகுப்புதான் உயிர்.

தேர்வு நாள் வந்தது. பார்த்து அன்றைக்குத்தான் ஆய்வகக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. நானும் டீச்சரும் கீழ்த்தளத்திலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம். கரைசல்களை அவரே எடைபோட்டுத் தயாரித்தார். தேர்வாளரின் வண்டி வாசலில் நிற்கிற சத்தம் கேட்டபோது, அவர் ஒரு தாளில் அவசரமாகக் கணக்குப் போட்டு, 20.4 என்று எழுதி உறையை ஒட்டியதை நான் பார்த்தேன்.

முதல் அணியில் பதினாறு பேர். அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஓரத்து மேசையில் இருந்த இடக்கைக்காரப் பெண்ணின் பியூரெட் பதினெட்டைத் தாண்டியதுமே நிறம் போய்விட்டது. அடுத்த மேசையிலும் அப்படியே. எதிர் மேசையிலும். இரண்டு மில்லி வித்தியாசம் என்றால் மதிப்பெண் பாதிகூடத் தேறாது. டீச்சரின் வகுப்பு கைவிட்டுப் போவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது. பழைய புத்தி விடுமா? வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணருகே போய், இருபது புள்ளி நாலு என்று முணுமுணுத்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயம் இருந்தது முகத்தில். “அண்ணா, எனக்குப் பதினெட்டு புள்ளி மூணுலயே நிறம் போயிடுச்சு. மூணு தடவை பார்த்துட்டேன்,” என்று சொல்லி, 18.3 என்றே எழுதினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாள்கள் வந்தன. தேர்வாளர் உறையைப் பிரித்தார், தாள்களைப் புரட்டினார், மறுபடி உறையைப் பார்த்தார். பதினாறு பேரும் 18.2க்கும் 18.4க்கும் நடுவில். தலைமையாசிரியையைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பியபோது, “நான் சொன்னது சரியாகப் போயிற்றா?” என்று அந்தப் பார்வையிலேயே கேட்டார்.

தேர்வாளர் நல்ல மனிதர். பிள்ளைகளைத் திரும்ப உள்ளே அழைத்து, எண்ணைத் திருத்திக்கொள்ளச் சொல்லலாம், நான் ஜன்னல் பக்கம் நிற்கிறேன் என்றார். தலைமையாசிரியைக்கு அதில் முழுச் சம்மதம். டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு பேர் ஒரே இடத்தில் தப்பு செய்ய மாட்டார்கள், நீங்களே செய்து பாருங்கள் என்று பியூரெட்டை நிரப்பி அவர் கையில் கொடுத்தார். தேர்வாளர் சலித்துக்கொண்டுதான் தொடங்கினார். 18.3ல் நிறம் போனது. இன்னொரு முறை செய்தார். அப்போதும் 18.3.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நேராக அலமாரிக்குப் போய் குடுவைக் கரைசலுக்கு எடைபோட்ட சோடியம் ஹைட்ராக்சைடு புட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிந்துபோய்க் கிடந்தன. அந்த வில்லை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். நாலு கிராம் எடைபோட்டால் அதில் தண்ணீரும் சேர்ந்து நிற்கும்; காரம் குறைவதால் அமிலமும் குறைவாகவே இறங்கும். இதை வருடாவருடம் பாடமாக நடத்துகிறவரே அவர்தான். செய்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்த இடத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். புட்டியின் மேலே பழியைப் போட்டிருக்கலாம், ஏன், மூடியைச் சரியாக மூடாத என் மேலேயே போட்டிருக்கலாம். நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ கதவைத் திறந்து, வராந்தாவில் நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்.

“உங்க எண் சரி. உறையில இருக்கிறதுதான் தப்பு. நான் தரம்பார்க்காம, எடையை வச்சுக் கணக்குப் போட்டு எழுதிட்டேன். உங்களைச் செய்யாதீங்கன்னு சொன்னதை நானே செஞ்சிட்டேன்,” என்றார். தலைமையாசிரியை பக்கத்தில் நிற்கிறார் என்பதையே அவர் பார்க்கவில்லை.

தேர்வாளர் பழைய எண்ணை அடித்து, தன் கையெழுத்தில் 18.3 என்று எழுதினார். தலைமையாசிரியை கிளம்பிப் போனார். அவ்வளவுதான், வகுப்பு போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மற்ற இரண்டு அணிகளும் முடிந்து குடுவைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் திரும்ப வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்று, தரம்பார்க்காமல் விடை எழுதியதற்கு விளக்கம் கேட்கும் மெமோ. இன்னொன்று அடுத்த வருடத்துக் கால அட்டவணை. பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல், அதற்கு நேரே துளி டீச்சரின் பேர்.

டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெமோவுக்குப் பதில் நாளைக்கே வேணும்,” என்றார் தலைமையாசிரியை. வாசல்வரை போனவர் நின்றார். “என் பொண்ணும் வர்ற வருஷம் பன்னெண்டாவது. உங்க வகுப்புலதான் போட்டிருக்கேன்.”